அடித்தட்டுப் பெண்களின் தலைமைக்குத் துணைநிற்பவர்கள் செய்யும் வேலை என்ன?

உலகின் பல நாடுகளில் அடித்தட்டுப் பெண்களின் சமூகத் தலைமையை வளர்ப்பதற்கென்றே சில அமைப்புகளும் தனிமனிதர்களும் உழைத்து வருகிறார்களே, அவர்கள் நடைமுறையில் என்ன செய்கிறார்கள், அதில் எது நிலைத்த பயன் தருகிறது, இந்தப் பணியில் இறங்க நினைப்பவர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சி கொடுக்கிறார்கள், நிதி கொடுக்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் எத்தனையோ பயிற்சிப் பட்டறைகள் நடந்தும் ஊரில் எதுவும் மாறாமல் போனதற்கும், பெரிய நிதி ஏதும் வராமலேயே சில பெண்கள் சங்கங்கள் நாற்பது ஐம்பது ஆண்டுகள் நிலைத்து நிற்பதற்கும் அந்தப் பதிலில் விளக்கம் கிடைக்காது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஏழ்மையான ஊர்களிலும் நகரங்களின் குடிசைப் பகுதிகளிலும் சமூகத்தின் அன்றாட வேலையைப் பெரும்பாலும் பெண்களே சுமக்கிறார்கள். தண்ணீர் வராத நாளில் எந்தக் குழாயில் வரும் என்று அறிந்து வைத்திருப்பது, நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது, கணவன் அடித்துத் துரத்திய பெண்ணுக்கு ஒரு இரவு இடம் கொடுப்பது, பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுவது ஆகியவற்றை யாரும் நியமிக்காமலேயே சில பெண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். ஊர் அவர்களைத் தேடிப் போகிறது. ஆனால் குழாய் எங்கே பதிக்க வேண்டும், நிவாரணம் யாருக்குப் போக வேண்டும், புறம்போக்கு நிலம் யார் பெயரில் பதிவாக வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் அதே பெண்கள் இருப்பதில்லை. இந்த இடைவெளியை மூடுவதுதான் துணைநிற்பவர்களின் வேலை. புதிதாகத் தலைவிகளை உருவாக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு ஊருக்குள் வருகிறவர்கள், ஏற்கெனவே அங்கிருக்கும் தலைவியைக் கவனிக்காமல் நன்றாகப் பேசத் தெரிந்த வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போவதுதான் மிகுதியாக நடக்கிறது.

இதற்கு நல்ல சான்று 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்த புனரமைப்பு. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் உயிரிழந்த அந்தப் பேரிடரில், முழுவதும் அழிந்த கிராமங்களை வேறிடத்தில் கட்டித் தருவது ஒரு பகுதியாகவும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் விரிசல் விட்ட வீடுகளை அந்தந்தக் குடும்பமே அரசு உதவியோடு பழுதுபார்த்து வலுப்படுத்திக்கொள்வது இன்னொரு பகுதியாகவும் அரசின் திட்டம் அமைந்தது. இரண்டாவது பகுதி காகிதத்தில் எளிதாக இருந்தாலும் களத்தில் நின்றுபோனது. எவ்வளவு பணம், எத்தனை தவணை, எந்த வேலை முடிந்தால் அடுத்த தவணை, நிலநடுக்கத்தைத் தாங்கும் சுவரை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் பொறியாளருக்குத் தெரிந்திருந்தது; வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அப்போது பிரேமா கோபாலன் தலைமையிலான சுவயம் சிக்ஷண் பிரயோக் என்ற அமைப்பு, கிராமத்து மகளிர் மன்றங்களிலிருந்தே பெண்களைத் தேர்ந்தெடுத்து 'சம்வாத் சகாயக்' (மக்களோடு பேசித் துணைசெய்பவர்) என்ற பொறுப்பில் அமர்த்துவதற்கு அரசை இணங்க வைத்தது.

இந்தப் பெண்கள் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வீடு வீடாகப் போய் உதவித்தொகையின் விதிகளைச் சொன்னார்கள். பணம் வங்கிக் கணக்கில் வருவதற்கான காகிதங்களைச் சேர்த்தார்கள். வலுப்படுத்தும் முறைகளைத் தாங்களும் கற்றுக்கொண்டு, கொத்தனார் அவற்றைச் சுவரில் ஒழுங்காகச் செய்கிறாரா என்று நின்று பார்த்தார்கள். பொறியாளர் ஊருக்கு வரும் நாளில் வேலை நின்றுபோன வீடுகளின் பட்டியலை அவர் கையில் கொடுத்தார்கள். அதுவரை அரசு அலுவலரோடு பேசிப் பழகாத பெண்ணுக்கு, அவரிடம் பேசுவதற்கு அலுவல் காரணம் ஒன்று கிடைத்தது. அவள் தயவு கேட்டு நிற்கவில்லை, பொறுப்போடு பேசினாள். பணி முடிந்த பிறகும் அந்தப் பெண்கள் வீட்டுக்குள் திரும்பிவிடவில்லை. சேமிப்புக் குழு, குடிநீர், சுகாதார நிலையம், ஊராட்சி என்று அடுத்தடுத்த விஷயங்களைக் கையிலெடுத்தார்கள். தலைமைப் பண்பு பற்றி அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்ததால் இது நடக்கவில்லை. அரசு ஒப்புக்கொண்ட ஒரு பாத்திரம், அந்தப் பாத்திரத்துக்குத் தேவையான அறிவு, பின்னால் நின்ற ஒரு குழு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்ததால் நடந்தது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பிறகு நடந்தது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் கட்ச் பகுதி குலுங்கியபோது லாத்தூர்ப் பெண்கள் அங்கே போனார்கள். 1999 ஆகஸ்டில் துருக்கியின் மர்மரா பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், அங்கே பெண்கள், குழந்தைகள் மையங்களை நடத்திக்கொண்டிருந்த அமைப்பொன்றின் வழியாகத் துருக்கிப் பெண்களும் இந்தியப் பெண்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்ப் பார்த்தார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது மகாராஷ்டிரத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் பெண்கள் தமிழகக் கடலோரத்துக்கு வந்து உட்கார்ந்து பேசினார்கள். வீட்டை இழந்த பெண்ணுக்கு, வீட்டை இழந்து மீண்டும் கட்டிய பெண் சொல்லும் சொல் வேறுவிதமாகப் போய்ச் சேரும். தற்காலிகக் குடியிருப்பில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது, பட்டா யார் பெயரில் வர வேண்டும் என்று எந்த நாளில் கேட்கத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் வல்லுநரின் கையேட்டில் இருக்காது. இந்தத் துறையில் உழைப்பவர்கள் இதைக் கற்றல் பயணம் என்று சொல்கிறார்கள். நிதி கொடுப்பவர்கள் 'சுற்றுலா' என்று ஐயப்பட்டு முதலில் வெட்டுகிற செலவும் இதுதான். என் பார்வையில், கடைசியாக வெட்ட வேண்டியது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. ஆனால் வெளியிலிருந்து வரும் பணத்துக்கு முன்னால் பெண்கள் தாங்களே சேர்க்கும் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைஜர் நாட்டின் மராடி பகுதியில் 1991-இல் கேர் என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பின் உதவியோடு தொடங்கிய சேமிப்புக் குழுக்களின் முறை இன்று ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது. பதினைந்து முதல் இருபத்தைந்து பேர் ஒரு குழு. நடுவில் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் மூன்று வேறு வேறு உறுப்பினர்களிடம். பெட்டி வேறொருவர் வீட்டில் இருக்கும். கூட்டத்தில் எல்லோர் கண் முன்னாலும் திறந்து, எல்லோர் காதிலும் விழும்படி எண்ணி, கடன் கொடுத்து, மீதியை மீண்டும் எண்ணிப் பூட்டுவார்கள். ஓராண்டு அளவில் ஒரு சுற்று முடிந்ததும் சேமிப்பும் வட்டியும் அவரவர் பங்குக்கேற்பப் பிரிக்கப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கணக்கைச் சரிபார்க்க முடியும் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர். சாவி வைத்திருப்பவர் வராவிட்டால் பெட்டி திறக்காது. யாரும் தனியாக எதையும் செய்ய முடியாது. பொதுப்பணத்தை எல்லோர் முன்னிலையிலும் கணக்குச் சொல்லி நிர்வகிக்கப் பழகிய பெண், பின்னாளில் ஊராட்சியின் வரவு செலவைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குத் தயங்குவதில்லை.

அகமதாபாத்தில் எலா பட் 1972-இல் தொடங்கிய சேவா சங்கமும் இதே இடத்தில்தான் வேர்விட்டது. தெருவில் காய்கறி விற்றவர்கள், பழைய துணி வாங்கி விற்றவர்கள், தலைச்சுமை தூக்கியவர்கள், வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள் என, தொழிலாளர் என்று சட்டம் ஒப்புக்கொள்ளாத பெண்களின் தொழிற்சங்கம் அது. வங்கிகள் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியதால் நாமே ஒரு வங்கி தொடங்குவோம் என்று அவர்கள் முடிவெடுத்து, நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட, 1974-இல் சேவா கூட்டுறவு வங்கி பிறந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்று பதிவு அலுவலகம் தயங்கியபோது, ஆவணத்தில் கையொப்பமிட வேண்டிய பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள் என்று எலா பட் பதிவு செய்திருக்கிறார். எலா பட் வழக்கறிஞர், படித்தவர், தொடர்புகள் உள்ளவர்; ஆனால் வங்கி வேண்டும் என்ற யோசனை உறுப்பினர்களுடையது. அதை நடக்கும்படி செய்வதற்கான சட்ட வழியைக் கண்டுபிடிப்பது அவருடைய வேலையாக இருந்தது. துணைநிற்பவரின் இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். சேவாவைத் தன் மடியில் வளர்த்த ஜவுளித் தொழிலாளர் சங்கம் 1981-இல் அதை வெளியேற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய் அமைப்புகள் பெண்களின் குரலை ஓர் அளவு வரைதான் பொறுத்துக்கொள்கின்றன. அந்த எல்லை வரும்போது சொந்தக் கட்டடமும் சொந்தக் கணக்கும் இருந்தவர்கள் பிழைக்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் நிதியின் நிலைமை வருத்தத்துக்குரியது. பெண்ணுரிமை அமைப்புகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான அவிட், உலகெங்குமுள்ள 740-க்கும் மேற்பட்ட பெண்கள் அமைப்புகளிடம் கேட்டுத் தொகுத்து 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-இல் அவற்றின் ஆண்டு வருமானத்தின் நடுமதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை) 20,000 அமெரிக்க டாலர். ஒரு மாவட்டம் முழுவதும் வேலை செய்யும் அமைப்பின் ஓராண்டுச் செலவு அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். பணக்கார நாடுகள் பாலினச் சமத்துவம் என்ற தலைப்பில் தரும் உதவி பெருகியிருந்தாலும் அதில் மிகப் பெரும்பகுதி அரசுகளுக்கும் பெரிய சர்வதேச நிறுவனங்களுக்கும் போகிறது. பெண்களின் சொந்த அமைப்புகளுக்கு நேரடியாக வருவது மொத்த உதவியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஐம்பது பக்க விண்ணப்பம், மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை, மூன்று மாதத்துக்கொரு முன்னேற்ற அறிக்கை என்ற நிபந்தனைகளை ஒரு மீனவப் பெண்கள் சங்கம் எப்படி நிறைவேற்றும்?

இதற்கு மாற்றாகப் பெண்ணுரிமை நிதியங்கள் தோன்றின. ஆம்ஸ்டர்டாமில் 1983-இல் மாமா கேஷ், அமெரிக்காவில் 1987-இல் குளோபல் ஃபண்ட் ஃபார் விமன், பிறகு மெக்சிகோ, நேபாளம், கானா என்று வளரும் நாடுகளிலேயே பல நிதியங்கள் உருவாயின. இவை சிறு தொகையைக் குறைந்த காகித வேலையோடு, முடிந்தவரை இன்ன செலவுக்கு என்று கட்டிப்போடாமல் கொடுக்கின்றன. நேபாளத்தின் தேவா என்ற நிதியம் உள்நாட்டு மக்களிடமே சிறு சிறு நன்கொடைகளைத் திரட்டி ஊரகப் பெண்கள் குழுக்களுக்குத் தருகிறது. வெளிநாட்டு நன்கொடையாளர்களின் கொள்கை மாறினால் கை விரிக்க வேண்டிய நிலை அதனால் குறைகிறது. வாடகை, பேருந்துச் செலவு, கணக்காளர் சம்பளம் போன்ற, யாரும் புகைப்படம் எடுத்துப் போட விரும்பாத செலவுகளுக்குத் தரப்படும் பணம்தான் சங்கத்தை உயிரோடு வைத்திருக்கிறது என்பதை அனுபவமுள்ள எந்தக் களப்பணியாளரும் உங்களுக்குச் சொல்வார்.

நிதிக்கும் ஊருக்கும் நடுவே நிற்கிற அந்தக் களப்பணியாளரைப் பற்றி வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தியாவில் 1980-களின் இறுதியில் கர்நாடகம், உத்தரப் பிரதேசம், குஜராத் ஆகிய மாநிலங்களில் தொடங்கப்பட்ட மகிளா சமாக்யா என்ற பெண்கள் கல்வித் திட்டத்தில் அவருக்குச் சகயோகினி என்று பெயர் இருந்தது. சுமார் பத்துக் கிராமங்களுக்கு ஒருவர். அரசுத் திட்டமாக இருந்தும், இத்தனை கழிப்பறை, இத்தனை கணக்கு, இத்தனை பேருக்குப் பயிற்சி என்ற இலக்கு எதையும் வைக்காமல், பெண்கள் கூடி உட்கார்ந்து எதைப் பேச வேண்டும் என்பதைப் பெண்களே தீர்மானிக்கட்டும் என்று அது தொடங்கியது. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் பெண்கள் முதலில் பேசியது தண்ணீரைப் பற்றி. அடிகுழாய்கள் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தன. பழுதுபார்க்கும் ஆள் வருவதில்லை. அப்படியானால் நாமே கற்றுக்கொள்வோம் என்று, எழுத்தறியாத, பெரும்பாலும் தலித் சமூகத்தைச் சேர்ந்த பெண்கள் குழாயைக் கழற்றி மாட்டும் இயந்திர வேலையைக் கற்றார்கள். தண்ணீரைத் தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள் மேல்சாதித் தெருவின் குழாயைச் சரிசெய்யப் போனபோது, அந்த ஊரின் ஒழுங்கில் என்ன அசைந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பழுதுபார்த்த விவரத்தை எழுதி வைக்க வேண்டியிருந்ததால் எழுத்தும் அவர்களுக்குத் தேவையானது. எழுத்தறிவு வகுப்பைப் பெண்களே கேட்டு வாங்கினார்கள்.

சகயோகினி இதில் செய்தது என்ன என்று கேட்டால், வாரந்தோறும் நடந்தோ சைக்கிளிலோ போனாள், கூட்டத்தில் பேசாமல் மூலையில் இருந்தவளை அடுத்த முறை வீட்டில் போய்ப் பார்த்தாள், வட்டார அலுவலகத்துக்குக் கூடப் போனாள், ஆனால் உள்ளே பேசாமல் நின்றாள். கூடப் போய்ப் பேசாமல் நிற்பது கடினமான திறமை. அலுவலருக்குப் படித்தவளோடு பேசுவதுதான் வசதி. அவர் பார்வை சகயோகினி பக்கமே திரும்பும். அப்போது வாயைத் திறக்காமல் சங்கப் பெண்ணின் பக்கம் பார்ப்பதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். இத்தகைய களப்பணியாளர்களுக்குக் குறைந்த சம்பளமும் ஓராண்டு ஒப்பந்தமும்தான் உலகம் முழுவதும் கிடைக்கின்றன என்பது இந்தத் துறையின் பெரிய அநீதிகளில் ஒன்று.

அடுத்தது அதிகாரம் உள்ள இருக்கை. இந்திய அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகளில் உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. பின்னர் பல மாநிலங்கள் அதைப் பாதியாக உயர்த்தின. இன்று பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் உள்ளாட்சிகளில் இருக்கிறார்கள். தலைவியின் நாற்காலியில் கணவர் உட்காருகிறார் என்ற குறை உண்மையானது. பல இடங்களில் இன்றும் நடக்கிறது. ஆனால் அதை மட்டுமே சொல்லி முடித்துக்கொள்வது சரியல்ல. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆய்வாளர்களான ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்லோவும் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்கான செலவு கூடியிருப்பதைக் காட்டியது. குடிநீர் அந்த இரண்டு இடங்களிலும் பெண்கள் மிகுதியாக எழுப்பிய கோரிக்கை. மேற்கு வங்கத்தில் தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. தலைவர் பதவி இரண்டு முறை பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களில், பெற்றோர் மகனுக்கும் மகளுக்கும் வைத்திருக்கும் எதிர்பார்ப்பில் இருந்த இடைவெளி 25 சதவீதமும், பதின்வயதுப் பிள்ளைகள் தங்களைப் பற்றிக் கொண்டிருந்த எதிர்பார்ப்பில் இருந்த இடைவெளி 32 சதவீதமும் குறைந்திருந்தன என்று 2012-இல் வெளியான கட்டுரை சொல்கிறது. ஒரு முறை ஒதுக்கியதில் இந்த மாற்றம் தெளிவாக வரவில்லை, இரண்டாம் முறையில்தான் வந்தது என்பதை ஒவ்வொரு திட்டமும் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாண்டுத் திட்டம் போட்டுவிட்டு, 'மனப்போக்கு மாறவில்லை' என்று நான்காம் ஆண்டில் ஊரை விட்டுப் போகிறவர்கள், பலன் வரத் தொடங்கும் முன்பே போய்விடுகிறார்கள்.

தேர்தல் பதவி மட்டுமே இருக்கை அல்ல. கென்யாவில் எய்ட்ஸ் நோயாளிகளை வீடுகளில் பராமரித்துவந்த பெண்கள், கணவன் இறந்ததும் மனைவியையும் பிள்ளைகளையும் அவன் உறவினர்கள் நிலத்தைவிட்டு விரட்டுவதை ஒவ்வொரு வீட்டிலும் பார்த்தார்கள். நோயைக் கவனிக்கப் போனவர்களுக்கு நிலம்தான் பிரச்சினை என்று புரிந்தது. க்ரூட்ஸ் கென்யா அமைப்பின் துணையோடு அவர்கள் உருவாக்கிய கண்காணிப்புக் குழுக்களில் பராமரிப்புப் பெண்களோடு ஊர்ப் பெரியவர்களும் அரசு நியமித்த ஊர்த்தலைவர்களும் உட்கார்ந்தார்கள். விதவையின் வீட்டில் தகராறு தொடங்கியதுமே குழு போய் நிற்கும். ஆவணத்தைத் தேடி எடுக்கும். தேவையானால் நீதிமன்றத்துக்கு அனுப்பும். பெரியவர்களைப் பகைத்துக்கொண்டு அல்ல, அவர்களையும் பொறுப்பாளிகளாக்கி இதைச் சாதித்தது பெண்களின் சாமர்த்தியம். வெளியிலிருந்து வந்த ஒரு சட்ட வல்லுநர் இந்த வழியைத் தேர்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் வழக்குப் போட்டிருப்பார்.

இவ்வாறு வேறு வேறு நாடுகளில் நடப்பவற்றைக் கோத்த நிகழ்வு 1995-இல் சீனாவில் நடந்தது. ஐ.நா.வின் நான்காவது உலகப் பெண்கள் மாநாடு பெய்ஜிங்கில் நடக்க, அரசுசாராதவர்களின் கூடுகையை நகரத்துக்கு வெளியே வெகு தொலைவிலுள்ள ஹுவாய்ரோ என்ற ஊருக்குத் தள்ளிவிட்டார்கள். ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் அங்கே மழையிலும் சேற்றிலும் கூடினார்கள். அடித்தட்டுப் பெண்களுக்கென்று அங்கே போடப்பட்ட ஒரு கூடாரத்தில் பேசியவர்கள், தாங்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த ஊரின் பெயரையே தங்கள் வலையமைப்புக்குச் சூட்டினார்கள். ஹுவாய்ரோ கமிஷன் இன்று பல நாடுகளின் பெண்கள் அமைப்புகளை இணைக்கிறது, ஐ.நா. கூட்டங்களுக்கு அடித்தட்டுப் பெண்களையே அனுப்பிப் பேசவைக்கிறது. அதைவிடப் பயனுள்ளதாக நான் கருதுவது, உள்ளூர் நிர்வாகத்தோடு பெண்கள் நடத்தும் பேச்சுவார்த்தைக்கு அது வகுத்துத் தந்த முறை. பெண்கள் முதலில் தங்கள் பகுதியைத் தாங்களே கணக்கெடுப்பார்கள். தரவோடு அலுவலரைச் சந்திப்பார்கள். ஒரே கூட்டத்தில் முடிக்காமல் அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டே எழுந்திருப்பார்கள். உலக மேடைக்குப் போவதும் வீண் இல்லை. வீட்டில் இருந்தபடி உழைக்கும் தொழிலாளர்களுக்கான 177-ஆவது உடன்படிக்கையை ஐ.எல்.ஓ. எனப்படும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் ஏற்றதற்குப் பின்னால் சேவா போன்ற சங்கங்களின் நீண்ட உழைப்பு இருந்தது. அதை அங்கீகரித்து உறுதியளித்த நாடுகள் மிகச் சிலவே. ஆனாலும் உறுதியளிக்காத நாட்டிலும் பேச்சுவார்த்தையில் எடுத்துக் காட்ட அது ஓர் ஆதாரமாக இருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஆபத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பெரு நாட்டின் லிமா நகர விளிம்பில், பாலைமணலில் குடியேறியவர்கள் எழுப்பிய வில்லா எல் சால்வதோரில், மரியா எலேனா மோயானோ பெண்கள் கூட்டமைப்பின் தலைவியாக இருந்து பொதுச் சமையற்கூடங்களையும் குழந்தைகளுக்கான பால் விநியோகத்தையும் ஒழுங்குபடுத்தி, பின்னர் துணை மேயராகவும் ஆனார். பெண்களின் இந்த அமைப்புகள் மக்களைத் தங்கள் பிடியிலிருந்து விலக்குகின்றன என்று கருதிய ஒளிரும் பாதை ஆயுதக்குழு, 1992 பிப்ரவரி 15 அன்று அவரைக் கொன்றது. அப்போது அவருக்கு வயது 33. ஹோண்டுராஸில் ஆற்றின் குறுக்கே வந்த அணைத் திட்டத்தை எதிர்த்த லென்கா பழங்குடித் தலைவி பெர்தா காசெரெஸ் 2016 மார்ச்சில் தம் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அடுப்பையும் ஆற்றையும் பற்றிய வேலை அதிகாரத்துக்கு ஆபத்தில்லாதது என்று நினைப்பது தவறு. மத்திய அமெரிக்காவில் பெண் மனித உரிமைப் பாதுகாவலர்கள் 2010 முதல் தங்களுக்குள் வலையமைப்பாகி, அச்சுறுத்தலுக்கு ஆளானவருக்குத் தங்குமிடம், அவர் குழந்தைகளுக்கு ஏற்பாடு, மன ஓய்வு ஆகியவற்றையும் பாதுகாப்பின் பகுதியாகவே கொள்கிறார்கள். ஒரு பெண்ணை முன்னால் நிறுத்திப் பேசச் சொல்லும் எந்த அமைப்பும், அவளுக்கு மிரட்டல் வந்தால் அன்றிரவே என்ன செய்வோம் என்பதை முன்கூட்டித் தீர்மானித்திருக்க வேண்டும். பலர் இதைத் தீர்மானிப்பதில்லை.

குறைபாடுகளில் எனக்கு மிகவும் கவலை தருவது ஊதியமில்லாத உழைப்பு. சுகாதாரப் பணி, சத்துணவு, கடன் வசூல், குப்பை மேலாண்மை, பேரிடர் எச்சரிக்கை என்று ஒவ்வொரு திட்டமும் 'சமூகத் தலைவி' என்ற பட்டத்தைக் கொடுத்து அதே பெண்ணின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிறது. அவள் நாள் முழுவதும் கணக்கெடுக்கிறாள். அந்தக் கணக்கை வைத்து ஆலோசகர் அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்குகிறார். அவளுடைய நேரத்துக்கும் பயணத்துக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்கும் பணம் ஒதுக்காத திட்டத்தை, அதன் குறிக்கோள் எவ்வளவு உயர்ந்ததாக எழுதப்பட்டிருந்தாலும், நான் ஏற்க மாட்டேன். அதோடு, பெண்கள் என்பதாலேயே எல்லோரும் ஒன்றல்ல. சங்கத்துக்குள்ளும் நிலமுள்ளவள், மேல்சாதிக்காரி, கணவனுக்குச் செல்வாக்கு உள்ளவள் எளிதில் தலைவியாகிவிடுகிறாள். கூலிக்குப் போகிறவளால் கூட்ட நேரத்துக்கு வர முடிவதில்லை. கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கிறார்கள் என்பதைக் கொண்டே அந்தச் சங்கம் யாருக்கானது என்று கணித்துவிடலாம்.

இந்தப் பணியில் இறங்க நினைக்கிறவருக்கு நான் சொல்வது இதுதான். ஓர் அமைப்பில் சேர்வதற்கு முன் அல்லது அதற்கு நன்கொடை கொடுப்பதற்கு முன், அதன் இயக்குநர் குழுவில் அது யாருக்காக உழைப்பதாகச் சொல்கிறதோ அந்தப் பெண்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால், வரவு செலவைத் தீர்மானிக்கும் கூட்டத்திலும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, ஐந்தாண்டுகளுக்கு முன் சங்கத்தில் சேர்ந்த பெண் இன்று என்ன பொறுப்பில் இருக்கிறாள், நிறுவனருக்குப் பின் யார் வருவார் என்று கேளுங்கள். பிறகு அவர்களுடைய சங்கக் கூட்டம் ஒன்றில் பின்வரிசையில் உட்கார அனுமதி வாங்கி, எதுவும் பேசாமல் முழு நேரமும் இருந்து பாருங்கள். களப்பணியாளர் எவ்வளவு நேரம் பேசினார், பெண்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள், அவர்களில் எவரேனும் களப்பணியாளரை மறுத்துப் பேசினார்களா என்று கவனியுங்கள். மறுத்துப் பேசியிருந்தால், அங்கே சேர்ந்து வேலை செய்யலாம்.